நிலத்தை விற்று ஒயின் தோட்டம் வாங்கலாமா?

மீஞ்சூர் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 47. மூன்றரை ஏக்கர் நஞ்சை. அப்பா காலத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் எடுத்த நிலம். இப்போது சம்பா மட்டும்தான் நம்பிக்கையாக வருகிறது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. சுற்றிலும் கன்டெய்னர் கிடங்குகளும் லாரி நிறுத்தங்களும் வந்துவிட்டன. நிலத்துக்கு நல்ல விலை சொல்லி ஆட்கள் வந்து போகிறார்கள்.

இந்த நேரத்தில் ஒரு முகவர் அவரைச் சந்தித்திருக்கிறார். வெளிநாட்டில் 25 ஏக்கர் திராட்சைத் தோட்டம், அதிலேயே வீடு, ஒயின் கம்பெனிக்குப் பழம் விற்கலாம், பிறகு சொந்தமாகவே ஒயின் தயாரிக்கலாம், குடும்பத்தோடு குடியேறலாம் என்று படங்களோடு விளக்கியிருக்கிறார். வாசகரின் மகன் வேளாண்மையில் பட்டயப் படிப்பு முடித்த 22 வயது இளைஞர், அவருக்கு ஆர்வம். மகள் பிளஸ் டூ படிக்கிறார். மனைவிக்குத் தயக்கம். எழுபது தாண்டிய அம்மா, "என்னை எங்கே விட்டுட்டுப் போவீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

வாசகர் கேட்பவை மூன்று. போகலாமா, கூடாதா? போவதென்றால் எந்த நாடு? அதற்காக இருக்கும் நிலத்தை விற்பது சரியா?

கேலி செய்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை இது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்தான் முதல் காரணம்

மீஞ்சூர் விவசாயி வெளியூரை நினைப்பதற்கு நியாயம் உண்டு. கொசஸ்தலையாறு, ஆரணியாறு பகுதியின் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் வற்றாத சொத்து. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆழ்கிணறுகளிலிருந்து 1960களின் இறுதி முதல் சென்னைக்குத் தண்ணீர் போனது. தொழிற்சாலைகளும் எடுத்தன, விவசாயிகளும் எடுத்தார்கள். மேலிருந்து ஊறியதைவிடக் கீழிருந்து உறிஞ்சியது அதிகமானதால் கடல்நீர் உள்ளே நகர்ந்தது. 1987 வாக்கில் கடலோரத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் வரை உப்பு ஏறியிருந்தது. 2010ல் இதே மீஞ்சூரின் பெயரில், காட்டுப்பள்ளிக் கடற்கரையில், ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் கிடைத்தது. வயலில் ஏறிய உப்பு அப்படியே இருக்கிறது.

எனவே வாசகரின் வருத்தம் உண்மையானது. ஆனால் நிலத்தில் பிரச்சினை இருக்கிறது என்பதாலேயே முகவர் காட்டும் வழி சரி என்று ஆகிவிடாது. இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

ஒயின் தோட்டம் என்பது இரண்டு தொழில்

முகவரின் பேச்சில் ஒன்றாகக் கலந்து கிடப்பது இரண்டு வெவ்வேறு தொழில்கள். ஒன்று, ஒயினுக்கான திராட்சையைப் பயிரிட்டு ஆலைக்கு விற்பது. அது விவசாயம். இன்னொன்று, திராட்சையைப் பிழிந்து, நொதிக்க வைத்து, தொட்டியிலும் பீப்பாயிலும் வைத்துப் பக்குவப்படுத்தி, பாட்டிலில் அடைத்து, பெயர் ஒட்டி விற்பது. அது தொழிற்சாலையும் வியாபாரமும் சேர்ந்தது. ஒரு டன் பழத்தில் ஏறக்குறைய 600 முதல் 700 லிட்டர் ஒயின் கிடைக்கும். அதைத் தயாரிக்கவும் விற்கவும் தனித்தனி உரிமம் வேண்டும். விற்று முடிக்கும்வரை பணம் தொட்டியிலேயே முடங்கிக் கிடக்கும்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நாசிக்கில் சூலா ஒயின் நிறுவனத்தைத் தொடங்கிய ராஜீவ் சமந்த், அமெரிக்காவில் படித்து, கலிஃபோர்னியாவில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, குடும்ப நிலத்துக்குத் திரும்பி வந்தவர். 1990களின் பிற்பகுதியில் ஒயின் ரகங்களை நட்டார். முதல் ஒயின் 2000ல் சந்தைக்கு வந்தது. சொந்த நிலம், படிப்பு, உடனிருந்து வழிகாட்டிய ஒயின் நிபுணர், முதலீடு எல்லாம் இருந்தும் நட்டதிலிருந்து முதல் பாட்டில்வரை சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மொழி தெரியாத ஊரில் புதிதாக இறங்கும் குடும்பம் அதைவிட வேகமாக ஓட முடியாது. ஆகவே, "பிறகு சொந்தமாக ஒயின் தயாரிக்கலாம்" என்ற பேச்சை இப்போதைக்குக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவது திராட்சை விவசாயம்.

கம்பம் திராட்சையும் குளிர்நாட்டுத் திராட்சையும்

நெல் தெரிந்தவருக்குத் திராட்சை புதுப் பாடம். தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கே பந்தலில் விளையும் பன்னீர் திராட்சை, 1832ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்த ரகம் என்று சொல்லப்படுகிறது. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடுங்குளிர் இல்லாததால் அங்கே கொடி உறங்குவதில்லை. கவாத்து செய்தால் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். ஒரு போகம் கெட்டாலும் சில மாதங்களில் அடுத்த போகத்தைப் பார்க்கலாம்.

குளிர்நாட்டில் அப்படி இல்லை. குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்து உறங்கும். அந்த நேரத்தில் கவாத்து. வசந்தத்தில் துளிர். அப்போது ஓர் இரவு உறைபனி விழுந்தால் இளந்துளிர் கருகிவிடும். பிறகு பூ, காய், நிறமேற்றம், அறுவடை. ஆண்டுக்கு ஒரே ஒரு போகம். ஐரோப்பாவில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடை. புதிதாக நட்டால் கணிசமான மகசூலுக்கு மூன்று ஆண்டு, முழு மகசூலுக்கு ஐந்து ஆண்டுபோல ஆகும். ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம் வரும். மாதந்தோறும் கடன் தவணையும் வீட்டுச் செலவும் இருக்கும்.

உப்பு விஷயத்தையும் மறக்கக் கூடாது. பாசன நீரின் உப்பளவை மின்கடத்து திறனாக அளப்பார்கள். அந்த அளவு 2 வரை நெல் பெரிய இழப்பின்றித் தாங்கும். திராட்சை 1க்கு மேல் போனாலே மகசூலில் காட்டத் தொடங்கும். எனவே மீஞ்சூர் நிலத்திலேயே திராட்சை போடலாமா என்று மகன் கேட்டிருப்பதற்குப் பதில், உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் வேண்டாம் என்பதே.

விலையை யார் வைக்கிறார்கள்?

முகவர் சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் விலை. நெல்லைக் காயவைத்து மூட்டை பிடித்து வைக்கலாம். நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஆதார விலை இருக்கிறது. அதில் ஆயிரம் குறை இருந்தாலும் அடியில் ஒரு தரை உண்டு. ஒயின் திராட்சைக்கு அந்தத் தரை இல்லை. பறித்த பழம் சில மணி நேரத்தில் ஆலைக்குள் போக வேண்டும். ஒயின் ரகங்கள் சிறு பழம், கெட்டித் தோல், நிறைய விதை. கூடையில் வைத்துச் சந்தையில் விற்க முடியாது. ஆலை சொல்வதுதான் விலை.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்க்கலாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றுப் பாசனத்தில் உள்ள ரிவர்லேண்ட் பகுதியில் பஞ்சாபிலிருந்து போய்த் திராட்சை பயிரிடும் குடும்பங்கள் கணிசமாக உள்ளன. இந்திய விவசாயக் குடும்பம் வெளிநாட்டில் ஒயின் திராட்சை செய்ய முடியும் என்பதற்கு அவர்களே சாட்சி. உழைப்பில் குறை வைக்காதவர்கள். ஆனால் அவர்கள் விளைவிக்கும் பழத்தின் தலையெழுத்து வேறெங்கோ எழுதப்பட்டது. ஆஸ்திரேலிய ஒயினுக்கு மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தையாக இருந்தது சீனா. இரு நாட்டு அரசுகளுக்கும் மனஸ்தாபம் வந்தது. 2020 இறுதியில் சீனா தற்காலிக வரி போட்டது; 2021 மார்ச்சில் அதை 218 சதவீதம் வரை உறுதிசெய்தது. விற்பனை படுத்தது. 2023 நடுவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு உற்பத்திக்குச் சமமாக, 200 கோடி லிட்டருக்கு மேல் ஒயின் ஆலைகளில் தேங்கி நின்றது. கிரிஃபித் போன்ற உள்நாட்டு வெப்பப் பகுதிகளில் 2020ல் டன்னுக்குச் சராசரியாக 659 ஆஸ்திரேலிய டாலர் பெற்ற பழம், 2023ல் 304 டாலருக்கு இறங்கியது. பல விவசாயிகள் காய்க்கும் கொடிகளை இயந்திரம் விட்டுப் பிடுங்கினார்கள். 2024 மார்ச் இறுதியில் சீனா வரியை நீக்கியது. பிடுங்கிய கொடி திரும்பி வராது.

இதை முகவர் காட்டிய 25 ஏக்கருக்குப் பொருத்திப் பார்க்கலாம். 25 ஏக்கர் என்பது சுமார் 10 ஹெக்டேர். நல்ல பாசனத்தில் ஹெக்டேருக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 200 டன். டன் 659 டாலர் என்றால் வரவு 1,31,800 டாலர். டன் 304 டாலர் என்றால் 60,800 டாலர். மகசூல் ஒரு கிலோகூடக் குறையவில்லை. வரவு பாதிக்கும் கீழே போய்விட்டது. கூலியும் டீசலும் மருந்தும் தண்ணீர்க் கட்டணமும் பாதியாகவில்லை. முகவரின் தாளில் எந்த ஆண்டு விலையில் கணக்குப் போட்டிருக்கிறது என்பதை வாசகர் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நாட்டுக்கு மட்டும் வந்த சோதனை என்றும் இதை ஒதுக்க முடியாது. 2024ல் உலகில் குடிக்கப்பட்ட ஒயினின் அளவு, 1961க்குப் பிறகு மிகக் குறைவு என்று பன்னாட்டு ஒயின் அமைப்பு மதிப்பிட்டது. ஒயினுக்குப் பேர்போன பிரான்சின் போர்தோ பகுதியிலேயே 2023ல் கொடியைப் பிடுங்குவதற்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவி அறிவித்தார்கள். மலிவாகத் தோட்டம் விற்பனைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் ஏன் விற்கிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இன்னொன்றும் உண்டு. மர்ரே ஆற்றுப் படுகையில் நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம், விற்கலாம். தண்ணீர் உரிமையை விற்றுவிட்டு வெறும் நிலத்தை விலைக்கு வைப்பவர்களும் உண்டு. தண்ணீர் போனதால் ஊரை விட்டுப் போகிறவர் தண்ணீர் இல்லாத நிலத்தையே வாங்கிவிடக் கூடாது.

எந்த நாடு என்ற கேள்வி

பல முகவர்கள் ஜார்ஜியாவைச் சொல்கிறார்கள். அமெரிக்க மாநிலமான ஜார்ஜியா வேறு. இது கருங்கடல் ஓரத்தில், முன்பு சோவியத் ஒன்றியத்தில் இருந்த சிறு நாடு. சுமார் 8,000 ஆண்டுகளாக ஒயின் தயாரித்துவரும் பூமி. மண்ணில் புதைத்த பெரிய தாழிகளில் ஒயின் ஊறவைக்கும் அவர்களுடைய முறையை 2013ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதே 2013ல்தான் இந்திய விவசாயிகளுக்கான பாடமும் அங்கே நடந்தது. நிலம் மலிவு, வரவேற்பு உண்டு என்று கேள்விப்பட்டுப் பஞ்சாபிலிருந்து விவசாயிகள் பலர் அங்கே போய் நிலம் வாங்கினார்கள். திராட்சைக்குப் பெயர்போன ககேத்தி பகுதியிலும் வாங்கினார்கள். உள்ளூர் விவசாயிகளிடம் எதிர்ப்பு கிளம்பியது. "நம் மண் வெளியாள் கைக்குப் போகிறது" என்ற குரல் எந்த ஊரிலும் எளிதில் எழக்கூடியது. 2013 ஜூனில் வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்க அந்நாட்டு நாடாளுமன்றம் தடை போட்டது. 2014ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நீக்கியது. 2017ல் மறுபடி தடை. 2018 இறுதியில் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத் திருத்தத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, விவசாய நிலம் அந்நாட்டு அரசுக்கும் குடிமக்களுக்கும் மட்டுமே உரியது. முதலில் கொஞ்சம் வாங்கி, சம்பாதித்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று போட்ட கணக்கு அங்கே நின்றுபோனது.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பர்மாவில் நெல் விளையும் தென்பகுதியில், 1930களின் இறுதியில், சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. கடன் கொடுத்து, அது திரும்பாமல், அடமானத்தில் வந்த நிலம். 1948ல் பர்மா விடுதலை பெற்றது; நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962ல் ராணுவ ஆட்சி வந்தபின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1960களின் நடுவில் தமிழர்கள் கையில் கொண்டுவர முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடியிருப்புகள் இன்றும் உள்ளன. நிலம் வைத்திருந்தவர், கடை வைத்திருந்தவர், கூலிக்குப் போனவர் எல்லோரும் ஒரே நாளில் சமமானார்கள்.

வெளிநாடே ஆகாது என்று சொல்ல இந்தக் கதைகள் போதாது. கனடாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தோட்டம் வைத்து வாழ்கின்றன. அவர்களில் பலர் முதலில் கூலிக்கு வேலை செய்து, ஊரைத் தெரிந்துகொண்டு, குடியுரிமை பெற்று, பிறகு நிலம் வாங்கியவர்கள். வரிசை முக்கியம். முகவர் சொல்லும் திட்டத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

நிலப் பத்திரம் வேறு, அந்த நாட்டில் தங்கும் உரிமை வேறு. பத்திரம் கையில் இருப்பதாலேயே குடும்பத்துக்குத் தங்கும் விசா கிடைத்துவிடும் என்று நம்பக் கூடாது. மகளின் கல்லூரி, மருத்துவக் காப்பீடு, வயதான அம்மாவுக்கான விசா ஒவ்வொன்றுக்கும் தனி விதி. பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் விசா பல நாடுகளில் பல ஆண்டுகள் காத்திருந்து பெற வேண்டியது. பாட்டியம்மா கேட்ட அந்த ஒரு கேள்விக்கு முகவரின் தாளில் பதில் இல்லை.

மீஞ்சூர் நிலத்தை விற்பது பற்றி

இங்கேதான் பல குடும்பங்கள் விவரம் தெரியாமல் அகலக் கால் வைக்கின்றன. அன்னியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இந்தியாவில் வீடு வாங்கலாம்; விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் இங்கே இருந்தபோது வாங்கிய நிலத்தையும் வாரிசாக வந்த நிலத்தையும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். அதாவது, விற்காமல் போனால் நிலம் அவருடையதாகவே இருக்கும். விற்றுவிட்டுப் போனால், அங்கே இருக்கும்வரை ஒரு சென்ட் விவசாய நிலம்கூட வாங்க முடியாது. குடும்பத்தோடு நிலையாகத் திரும்பி வந்த பிறகுதான் முடியும். துறைமுகமும் மின்நிலையமும் கிடங்குகளும் சூழ்ந்த இந்தப் பகுதியில் அப்போது என்ன விலை இருக்கும் என்பதை வாசகரே அறிவார்.

விற்ற பணம் முழுவதும் கைக்கு வரும் என்றும் எண்ண வேண்டாம். கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் 10,000க்கு மேல் மக்கள்தொகை உள்ள நகர உள்ளாட்சியின் எல்லைக்குள் இருந்தாலோ, மக்கள்தொகையைப் பொறுத்து அந்த எல்லையிலிருந்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்குள் இருந்தாலோ வருமான வரிச் சட்டம் அதைக் கிராமத்து நிலமாக ஏற்காது. மீஞ்சூர் பேரூராட்சி, தெற்கே சென்னை மாநகராட்சி. எந்த சர்வே எண் உள்ளே, எது வெளியே என்பதை முன்பணம் வாங்கும் முன்பே ஆடிட்டரிடம் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரம்பு. முதலீட்டுக்காக அனுப்பினால், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலித்து வைக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடு செய்யலாம். கூடுதலாக இருந்தால் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. "வங்கி வேண்டாம், என் ஆள் மூலம் அனுப்பித் தருகிறேன்" என்று முகவர் சொன்னால் அது ஹவாலா. அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

செய்யக்கூடியவை

மகனின் ஆர்வத்தை அணைக்கத் தேவையில்லை. அதற்கு மலிவான வழிகள் உள்ளன.

முதலில், ஒரு மாதம் கம்பம் பகுதியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலைக்கு நிற்கட்டும். கவாத்து, சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், பந்தல் செலவு எல்லாம் கையால் தெரியும். அருகிலேயே ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடுத்து நாசிக். அங்கே ஒயின் ஆலைகளோடு ஒப்பந்தம் போட்டுப் பழம் கொடுக்கும் விவசாயிகளிடம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, எந்த இனிப்பளவுக்கு என்ன விலை, கழிவு எவ்வளவு என்று கேட்டு வரலாம்.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவின் வேலையும் விடுமுறையும் சேர்ந்த விசா. 18 முதல் 30 வயதுக்குள் உள்ள இந்தியர்களுக்கு 2024 முதல் ஆண்டுக்கு 1,000 இடம். குலுக்கல் முறையில் தேர்வு. பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டுப் படிப்பும் ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டும். ஓராண்டு தங்கித் தோட்ட வேலையும் செய்யலாம். குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. கிடைத்தால், ஒரு கவாத்தும் ஒரு அறுவடையும் சம்பளத்தோடு பார்த்துவிட்டு வரலாம். கிடைக்காவிட்டால் நிலம் எங்கும் போய்விடவில்லை.

வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லும் முகவர் யாராயினும், 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசின் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. பதிவு உண்டா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். தோட்டம் வாங்கித் தருவதாகச் சொல்பவர், தான் வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்று சொல்லி இந்தச் சட்டத்திலிருந்து நழுவப் பார்ப்பார். அவரிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை: இன்றைய சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் நிலம் பதிவாகுமா, அல்லது குத்தகையா? தண்ணீர் உரிமை சேர்ந்ததா? கொடியின் வயது, ரகம் என்ன? எந்த ஆலை, எத்தனை ஆண்டுக்கு, என்ன விலையில் பழம் எடுக்கும்? கடந்த ஐந்து ஆண்டு விற்பனை ரசீது எங்கே? குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் எந்த விசா? இவற்றுக்குக் காகிதத்தில் பதில் வராதவரை ஒரு ரூபாய்கூட முன்பணம் தரக் கூடாது.

மூன்றரை ஏக்கரையும் கவனிக்க வேண்டும். கோடையில் ஒரு முறை, மழை முடிந்ததும் ஒரு முறை போர் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பளவு பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பி சம்பாவை ஒழுங்காகச் செய்து, உப்பு ஏறும் கோடையில் போரை ஓட்டி நவரையைப் பிடித்து இழுக்காமல் விடுவது நல்லது. நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினால் மழைநீர் தங்கும். மழை தொடங்கும்போது தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகி உப்பு மழையில் கழுவிப் போக வழி உண்டாகும். தானே செய்ய முடியாவிட்டால் எழுத்து மூலம் குத்தகைக்கு விடலாம். பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று மூன்றையும் ஆண்டுக்கொருமுறை சரிபார்த்துக்கொள்வது இந்தப் பகுதியில் மிகவும் தேவை.

வாசகரின் மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமான பதில்: மகன் போகலாம், கற்றுக்கொள்ள. குடும்பம் இப்போது போக வேண்டாம். நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணையும் கொடியையும் பார்க்கும் முன், வெளிநாட்டவருக்கு அந்நாட்டு நிலச் சட்டம் என்ன சொல்கிறது, பழத்தை யார் வாங்குவார் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். மீஞ்சூர் நிலத்தை இதற்காக விற்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு மகன், "அங்கே எனக்கு வழி தெரிகிறது" என்று அனுபவத்தோடு சொன்னால் அப்போது யோசிக்கலாம். அன்றைக்கும் பட்டா இவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.